பூமியை நடுவிலிருந்து நகர்த்துவது எப்படி?

வானம் பார்க்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களை முதல் நாளே நான் ஒரு கேள்வி கேட்பேன். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு நீங்களே கண்ணால் கண்ட சான்று ஏதாவது உண்டா? பகலும் இரவும் வருகின்றனவே என்பார்கள். பருவங்கள் மாறுகின்றனவே என்பார்கள். இரண்டையுமே பூமியை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு விளக்கிவிட முடியும். சுமார் 1400 ஆண்டுகள் அப்படித்தான் விளக்கினார்கள். எந்தக் கோள் எந்த மாதம் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கிரகணங்களையும் கணித்தார்கள். பாடப் புத்தகத்தில் இருந்தது, அதனால் நம்புகிறோம் என்பதே நம்மில் பெரும்பாலோரின் உண்மையான பதில்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. வானியலாளர்கள் எந்தப் படிகளில் ஏறி இந்த முடிவுக்கு வந்தார்களோ, அதே படிகளில் நாமும் ஏறிப் பார்க்கலாம். பெரும்பாலானவற்றுக்கு வெறுங்கண்ணும் தாளும் போதும். எப்படி என்று சொல்கிறேன்.

தேவையானவை: கோடு போடாத ஒரு நோட்டு, காம்பஸ், பாகைமானி, டிரேசிங் பேப்பர் சில, 10 × 50 பைனாகுலர் ஒன்று. ஒரே ஒரு கட்டத்துக்குச் சிறிய தொலைநோக்கி வேண்டும். 60 அல்லது 70 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ளது போதும், இரவல் கிடைத்தாலும் சரி. மேகம் மூடிய நாட்களில் சரிபார்க்க ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் உதவும். ஆனால் முதலில் வானத்தைப் பாருங்கள், பிறகு திரையைப் பாருங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை போடுங்கள். இடது ஓரத்தில் ‘பார்த்தது’ என்று எழுதி, அதன் பக்கத்தில் மூன்று வானியலாளர்களின் பெயரில் மூன்று பத்திகள்: டாலமி, டைக்கோ பிராகி, கோப்பர்நிக்கஸ். டாலமி பத்தியில் எல்லாமே பூமியைச் சுற்றும். கோப்பர்நிக்கஸ் பத்தியில் பூமி உட்பட எல்லாக் கோள்களும் சூரியனைச் சுற்றும். டைக்கோ பத்தியில் பூமி அசையாது. நிலாவும் சூரியனும் பூமியைச் சுற்றும், மற்ற ஐந்து கோள்களும் அந்தச் சூரியனைச் சுற்றியபடி அதனுடன் செல்லும்.

இந்த டைக்கோவைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டே பத்தி வைத்துக் கதை சொல்வதால்தான், கலிலியோ தொலைநோக்கியைத் திருப்பிய அன்றே வழக்கு முடிந்துவிட்டது போலவும், அதற்குப் பிறகும் மறுத்தவர்கள் எல்லோரும் பிடிவாதக்காரர்கள் போலவும் தோன்றுகிறது. டைக்கோவின் பத்தியைச் சேர்த்துப் பாருங்கள், மறுத்தவர்களின் நியாயமும் தெரியும், மாற்றத்தின் அருமையும் தெரியும்.

ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று பத்தியிலும் ஒரு சொல் எழுதுங்கள். அந்த அமைப்பிலிருந்து அது தானாகவே வந்தால் ‘சரி’. அதற்கென்று தனியாக ஒரு நிபந்தனை சேர்த்தால்தான் வருமென்றால் ‘ஒட்டு’. எப்படி முயன்றாலும் வராதென்றால் ‘இல்லை’.

முதலில் அசையாத பூமியில் உட்காருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். குறைந்தது ஒரு வாரமாவது பூமி நிற்கிறது என்று வைத்துக்கொண்டு வானத்தைப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, மேற்கில் மறையும் விண்மீன்களைக் குறியுங்கள். ஒவ்வொரு விண்மீனும் முந்தைய நாளைவிடச் சுமார் 4 நிமிடம் முன்னதாக மறையும். விண்மீன்கள் ஒட்டியிருக்கும் ஒரு பெரிய கோளம் நம்மைச் சுற்றுகிறது, சூரியன் அதில் நாளுக்கு ஏறக்குறைய 1 டிகிரி பின்தங்குகிறது என்று சொன்னால் கணக்கு மிகச் சரியாகப் பொருந்தும்.

கி.பி. 150-ஐ ஒட்டி அலெக்சாண்டிரியாவில் டாலமி எழுதிய அல்மஜெஸ்ட் என்ற வானியல் நூல் இந்தப் பார்வையின் உச்சம். பூமி சுழல்வதாக வைத்துக்கொண்டால் விண்மீன்களின் கணக்குக்கு எந்தக் குறையும் வராது என்பது அவருக்கே தெரியும். ஆனால் பூமி சுழன்றால் மேகங்களும் பறவைகளும் பின்தங்கிவிடுமே என்று வாதிட்டு அதை ஒதுக்கினார். அன்றைய இயக்க அறிவுக்கு அது வலுவான வாதம். கி.பி. 499-இல் ஆரியபட்டர், படகில் செல்பவருக்குக் கரை பின்னோக்கிப் போவதுபோல் விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்று எழுதி, பூமியைச் சுழல விட்டார். அவருக்குப் பின் வந்த உரையாசிரியர்கள் பலர் அந்த வரிக்கு வேறு பொருள் சொல்லிச் சமாளித்தார்கள். நிற்பதாகத் தெரியும் தரையை ஓடுகிறது என்று ஒப்புக்கொள்வது எந்த நாட்டிலும் எளிதாக இருந்ததில்லை.

சூரியனையே நடுவில் வைக்கும் எண்ணமும் பழையதுதான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சாமோஸ் தீவைச் சேர்ந்த அரிஸ்டார்க்கஸ் சொன்னார். ஆர்க்கிமிடீஸ் அதைப் பதிவு செய்திருக்கிறார். எண்ணம் பிறந்து 1800 ஆண்டுகள் கழித்துத்தான் வெற்றி பெற்றது. எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செவ்வாயைப் பின்தொடருங்கள்

கோள்கள் விண்மீன்களின் நடுவே மேற்கிலிருந்து கிழக்காக மெல்ல நகரும். ஆனால் செவ்வாய் ஏறக்குறைய 780 நாளுக்கு ஒருமுறை நின்று, திரும்பி, இரண்டரை மாதம்போல மேற்கு நோக்கிப் போய், மறுபடி நின்று, பழையபடி கிழக்கே கிளம்பும். வக்ரகதி என்று நாம் சொல்வது இதைத்தான். 2027 பிப்ரவரி 19 அன்று செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே, மகம் விண்மீனுக்கு அருகில் இருக்கும். அந்த ஆண்டு ஜனவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை வாரம் இரண்டு முறை பாருங்கள். அருகிலுள்ள விண்மீன்களை முன்னதாகவே நோட்டில் வரைந்துகொண்டு, செவ்வாய் இருக்கும் இடத்தில் புள்ளி வைத்துத் தேதி எழுதுங்கள். தூரத்தை அளக்கக் கையை நேராக நீட்டுங்கள்: மூடிய முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி, சுண்டு விரல் சுமார் 1 டிகிரி.

இரண்டு விஷயங்கள் தெரியும். பின்னோக்கிப் போகும் காலத்தின் நடுவில்தான் செவ்வாய் மிகப் பிரகாசமாக இருக்கும். அதே சமயத்தில்தான் அது சூரியனுக்கு எதிரே நிற்கும். சூரியன் மறையும்போது உதிக்கும், நள்ளிரவில் உச்சியை ஒட்டி வரும். வியாழனுக்கும் சனிக்கும் இதே கதைதான், வியாழன் 399 நாளுக்கு ஒருமுறை, சனி 378 நாளுக்கு ஒருமுறை. ஒருமுறைகூட இந்த ஒழுங்கு தவறியதில்லை.

இப்போது தாளுக்கு வாருங்கள். நடுவில் சூரியன். 5 செ.மீ. ஆரத்தில் பூமியின் வட்டம், 7.6 செ.மீ. ஆரத்தில் செவ்வாயின் வட்டம். சூரியனிலிருந்து ஒரு கோடு இழுத்து, அதன்மேல் இரண்டு வட்டத்திலும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். அது எதிரே நிற்கும் நாள். அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நாளாக, பூமிக்கு 10 டிகிரி, செவ்வாய்க்கு 5 டிகிரி என்று, 60 நாள் வரை புள்ளிகள் வைத்து எண் போடுங்கள். பிறகு ஒவ்வொரு பூமிப் புள்ளியிலிருந்தும் அதே எண்ணுள்ள செவ்வாய்ப் புள்ளி வழியாகத் தாளின் ஓரம்வரை கோடு இழுங்கள். கோடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்து, நின்று, எதிர்ப்பக்கம் சாய்ந்து, மறுபடி திரும்பும். செவ்வாய் திரும்பவே இல்லை. உள்வட்டத்தில் வேகமாகப் போகும் நாம் அதைக் கடந்து போயிருக்கிறோம். கடக்கும்போது அது நமக்கு மிக அருகில் இருக்கும், அதனால் பிரகாசம். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், அதனால் எதிரமைவு. எதையும் தனியாகச் சேர்க்கவில்லை. கோப்பர்நிக்கஸ் பத்தியில் ‘சரி’.

டாலமிக்கும் நியாயம் செய்ய வேண்டும். டிரேசிங் பேப்பரின் நடுவில் ஒரு புள்ளி குத்துங்கள். அந்தப் புள்ளி முதல் பூமிப் புள்ளியின்மேல் விழும்படி வைத்து, செவ்வாயைப் படியெடுங்கள். பிறகு தாளைத் திருப்பாமல், ஓரங்கள் இணையாகவே இருக்க, இரண்டாம் பூமிப் புள்ளிக்கு நகர்த்தி மறுபடி படியெடுங்கள். எல்லாம் முடிந்ததும் புள்ளிகளைச் சேர்த்தால் டிரேசிங் பேப்பரில் அழகான ஒரு சுருள் விழும். அதுதான் டாலமியின் வானம்: பூமியைச் சுற்றும் பெருவட்டம், அதன்மேல் மையம் கொண்டு உருளும் சிறுவட்டம், அந்தச் சிறுவட்டத்தில் கோள். அதே படியெடுத்தலில் சூரியனையும் குறித்திருந்தால் டைக்கோவின் படமும் கிடைத்துவிடும். பார்க்கும் திசைகள் மூன்று படத்திலும் ஒன்றேதான். செவ்வாய் எங்கே தெரியும் என்பதை மட்டும் வைத்து இந்த மூவரில் யார் சரி என்று தீர்ப்பு சொல்லவே முடியாது. இதைக் கையால் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த 1400 ஆண்டுகள் புரியும்.

அல்மஜெஸ்டுக்குள் ஒளிந்திருக்கும் சூரியன்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. யார் வந்தாலும் இந்தக் கணக்கைப் போட வைக்காமல் அனுப்புவதில்லை.

டாலமி ஒவ்வொரு கோளுக்கும் பெருவட்டத்தின் ஆரத்தை 60 பங்கு என்று வைத்துக்கொண்டு, சிறுவட்டத்தின் ஆரத்தை வானத்தை அளந்தே கண்டுபிடித்தார். புதனுக்கு 22½, வெள்ளிக்கு 43 1/6, செவ்வாய்க்கு 39½, வியாழனுக்கு 11½, சனிக்கு 6½. இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து எண்கள். ஒவ்வொரு கோளின் எந்திரமும் தனித்தனி. கூடவே இரண்டு நிபந்தனைகள். புதன், வெள்ளி இரண்டின் சிறுவட்ட மையமும் எப்போதும் சூரியன் இருக்கும் திசையிலேயே நிற்க வேண்டும். செவ்வாய், வியாழன், சனி மூன்றுக்கும், சிறுவட்ட மையத்திலிருந்து கோளுக்குப் போகும் கோடு, பூமியிலிருந்து சூரியனுக்குப் போகும் கோட்டுக்கு எப்போதும் இணையாக இருக்க வேண்டும். ஏன் என்று அல்மஜெஸ்டில் காரணம் கிடையாது. அப்படி வைத்தால் வானத்தோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அட்டவணையில் டாலமி பத்தியில் இரண்டு முறை ‘ஒட்டு’ என்று எழுதுங்கள்.

இனி வகுத்துப் பாருங்கள். முதல் இரண்டு கோளுக்குச் சிறுவட்டத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: புதன் 0.375, வெள்ளி 0.719. மற்ற மூன்றுக்கு 60-ஐச் சிறுவட்டத்தால் வகுக்க வேண்டும்: செவ்வாய் 1.52, வியாழன் 5.22, சனி 9.23.

சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தை 1 என்று வைத்தால், மற்ற கோள்கள் இருக்கும் சராசரித் தூரம் இன்றைய அளவில் இது: புதன் 0.387, வெள்ளி 0.723, செவ்வாய் 1.524, வியாழன் 5.20, சனி 9.5-க்குச் சற்று மேல்.

சூரியக் குடும்பத்தின் வரைபடம் முழுவதும் டாலமியின் பக்கங்களில் கிடந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மிகத் தேர்ந்த கணிதர்கள் அந்த எண்களை வைத்து வேலை செய்தார்கள். பூமியை நடுவில் வைத்தவரை ஐந்தும் ஐந்து தனி எண்கள். சூரியனை நடுவில் வைத்த மாத்திரத்தில் ஒரே அளவுகோலில் வந்து விழுகின்றன. வெளிக்கோள்களின் சிறுவட்டம் என்று டாலமி அளந்தது பூமியின் சொந்தப் பாதையைத்தான். உள்கோள்களுக்குப் பெருவட்டம் என்று வைத்திருந்ததும் அதையேதான். ஐந்து எந்திரத்திலும் ஓராண்டு என்ற கால அளவு ஏன் நுழைந்திருக்கிறது என்பதற்கும் இதுவே பதில்.

கோப்பர்நிக்கஸ் கண்டது இதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். புதிதாக எதையும் வானத்தில் அவர் கண்டுபிடிக்கவில்லை. தூரங்கள் ஒன்றையொன்று கட்டிப்போட்டு, எதையும் அசைக்க முடியாத ஒரே அமைப்பாக ஆகிவிடுவதைக் கண்டார். தூரம் கூடக்கூடச் சுற்றும் காலமும் கூடுவதைக் கண்டார்.

வெள்ளியின் தூரத்தை நீங்களே வானத்திலிருந்து எடுக்கலாம். மாலையில் தெரியும் பருவத்தில், சூரியன் மறையும் நேரத்தில் சூரியனுக்கும் வெள்ளிக்கும் இடைப்பட்ட கோணத்தை வாரம் ஒருமுறை முட்டியால் அளந்து எழுதி வாருங்கள். சூரியனின் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொட்ட பிறகே அந்தத் திசையில் பாருங்கள், அதுவும் வெறும் ஓரப் பார்வையாக. கோணம் சுமார் 46 டிகிரி வரை ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும். 46 டிகிரியின் சைன் மதிப்பு 0.72. வெள்ளியின் தூரம் அதுதான்.

1543, அதற்குப் பிறகு வந்த தயக்கம்

கோப்பர்நிக்கஸ் 1473-இல் போலந்தின் தோருன் நகரில் பிறந்தவர். 1514-ஐ ஒட்டியே தம் கருத்தைச் சிறு கைப்பிரதியாக நண்பர்களுக்குக் கொடுத்திருந்தும், ஃப்ராம்போர்க்கில் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் அச்சேற்றாமல் வைத்திருந்தார். 1539-இல் ரேட்டிக்கஸ் என்ற இளம் கணிதர் தேடி வந்து வற்புறுத்தியிராவிட்டால் நூல் வெளிவந்திருக்குமா என்பது சந்தேகம். 1543-இல் நியூரம்பெர்க்கில் அச்சானது. அதே ஆண்டு மே மாதம் அவர் இறந்துபோனார். இது வெறும் கணிப்பு வசதிக்கான கற்பனை என்று அச்சுப் பணியைக் கவனித்த ஓசியாண்டர் பெயர் போடாமல் ஒரு முன்னுரையைச் சேர்த்துவிட்டார்.

கோப்பர்நிக்கஸுக்கும் பத்தியில் ‘ஒட்டு’ உண்டு, அதை மறைக்கக் கூடாது. சீரான வேகத்தில் சுழலும் வட்டங்கள்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததால் அவரும் சிறுவட்டங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. அவருடைய நிலாக் கணக்கு, பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் இருந்த இப்னு அல்-ஷாதிரின் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. கணிப்பின் துல்லியத்தில் டாலமியைவிடப் பெரிய முன்னேற்றமும் இல்லை.

மறுத்தவர்களின் மிகப் பெரிய கேள்வி விண்மீன்களைப் பற்றியது. கட்டைவிரலை முகத்துக்கு எதிரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு மறு கண்ணால் பாருங்கள். பின்னணியில் விரல் இடம் மாறும். பூமி ஆறு மாதத்தில் தன் பாதையின் மறுமுனைக்குப் போகிறதென்றால் விண்மீன்களும் இப்படி இடம் மாறித் தெரிய வேண்டும். அன்று டென்மார்க்கிடம் இருந்த ஹ்வேன் தீவில் டைக்கோ பிராகி கட்டிய கருவிகள், தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே, ஒரு டிகிரியின் முப்பதில் ஒரு பங்குவரை பிசகாமல் அளந்தன. அவர் தேடினார், எந்த இடமாற்றமும் அகப்படவில்லை. விண்மீன்கள் மிக மிகத் தொலைவில் இருந்தால் மட்டுமே கோப்பர்நிக்கஸ் தப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு விண்மீனும் ஒரு சிறு தட்டாகக் கண்ணுக்குத் தெரிகிறதே! அவ்வளவு தொலைவில் இருந்தும் அந்த அகலம் தெரிகிறதென்றால், சாதாரண விண்மீன்கூடப் பூமியின் பாதை அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும் என்று டைக்கோ கணக்குப் போட்டார். இது மூடநம்பிக்கையில் வந்த மறுப்பு அன்று, அளவையில் வந்த மறுப்பு. அந்தத் தட்டு ஒளியின் அலைத்தன்மையாலும் காற்றாலும் கண்ணாலும் வரும் போலித் தோற்றம். தொலைநோக்கியில் தெரியும் தட்டுக்கு அலைக் கணக்கோடு ஜார்ஜ் ஏரி (Airy) என்ற ஆங்கில வானியலாளர் விளக்கம் எழுதியது 1835-இல்தான்.

எனவே டைக்கோ 1588-இல் தம் நடுவழியை வெளியிட்டார். கேரளத்தில் நீலகண்ட சோமயாஜி, இதற்குச் சுமார் எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றும் அமைப்புக்கு வேறொரு கணித மரபின் வழியாக வந்து சேர்ந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் அல்லர். அளவுகளை நேர்மையாகப் பின்பற்றினால் அங்கே ஒரு தங்குமிடம் இருக்கிறது என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பைனாகுலரும் தொலைநோக்கியும்

வியாழனை ஒரு சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பைனாகுலரில் பாருங்கள். இருபக்கமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள்வரை தெரியும். தினமும் வரையுங்கள். கலிலியோ 1610 ஜனவரி 7 முதல் வரைந்தது இதைத்தான். உள்ளே இருக்கும் அயோ 1.77 நாளில் சுற்றுகிறது, வெளியே இருக்கும் கலிஸ்டோ 16.7 நாளில். பூமி ஓடினால் நிலாவை விட்டுவிட்டுப் போய்விடுமே என்ற பழைய வாதத்துக்கு இது பதில்: வியாழன் ஓடுகிறது என்பதில் மூன்று பத்திக்கும் சண்டையில்லை, அது நான்கு நிலாக்களை விடாமல் கூட்டிச் செல்கிறது. ஆனால் இதை வைத்து எந்தப் பத்தியிலும் ‘இல்லை’ எழுத முடியாது.

வெள்ளியில்தான் முதல் ‘இல்லை’ வருகிறது. இங்கே கவனமாக இருங்கள், பலரும் அவசரப்படும் இடம் இது. வெள்ளி மாலை வானிலிருந்து மறைவதற்கு முந்தைய சில வாரங்களில், சூரியன் முழுவதும் மறைந்த பிறகு, பைனாகுலரிலேயே மெல்லிய பெரிய பிறையாகத் தெரியும். பிறையைப் பார்த்ததும் டாலமி தோற்றார் என்று எழுதிவிடாதீர்கள். டாலமியின் அமைப்பில் வெள்ளி எப்போதும் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவிலேயே இருப்பதால் பிறை அவருக்கும் ஒத்ததுதான். அவரிடம் வரவே முடியாதது முக்கால் வட்டமும் முழு வட்டமும். அவற்றைப் பார்க்க, வெள்ளி மாலை வானில் தலைகாட்டத் தொடங்கும் மாதங்களில், தொலைநோக்கியை 50 மடங்கு அளவில் வைத்துப் பாருங்கள். சின்னதாக, ஏறக்குறைய முழு வட்டமாக இருக்கும். அது சூரியனுக்கு அப்பால் இருந்தால்தான் அப்படித் தெரிய முடியும். 584 நாள் சுழற்சியில் மாதம் ஒருமுறை வரைந்தால், சிறிய வட்டம் மெல்லப் பெருத்துக்கொண்டே தேய்ந்து, ஆறு மடங்கு அகலமான பிறையாவது தெரியும். கலிலியோ இதை 1610-இன் கடைசி மாதங்களில் பார்த்தார். மறு ஆண்டே ரோமில் இயேசு சபைக் கல்லூரியின் வானியலாளர்கள் தாங்களே பார்த்து உறுதி செய்தார்கள்.

டாலமி பத்தியில் ‘இல்லை’. அதோடு அந்தப் பத்தி முடிகிறது.

ஒருமுறை இந்த இடத்தில் ஒரு பள்ளி மாணவி, “அப்போ வெள்ளி சூரியனைச் சுத்துதுன்னு மட்டும்தானே சார் ஆகுது? பூமி சுத்துதுன்னு எப்படி?” என்று கேட்டாள். நான் கேட்டதிலேயே சரியான கேள்வி. டைக்கோ பத்தியிலும் கோப்பர்நிக்கஸ் பத்தியிலும் ‘சரி’ என்றுதான் எழுத வேண்டும். ரோமின் வானியலாளர்கள் டாலமியை விட்டுவிட்டு டைக்கோவிடம் போனதற்குக் காரணமும் இதுவே. கோப்பர்நிக்கஸின் கருத்துக்குத் திருச்சபை 1616-இல் விதித்த தடையும், 1633-இல் கலிலியோவை நிறுத்திய விசாரணையும் பெரும் அநீதிதான். ஆனால் எல்லாப் பேச்சும் அந்த நீதிமன்றத்திலேயே நின்றுவிடுவதால், அதே ஆண்டுகளில் வடக்கே நடந்த வேலை யார் கண்ணிலும் படுவதில்லை.

கெப்ளரின் வழி

அந்த வேலையைச் செய்தவர் கெப்ளர். 1600-இல் பிராகா நகரில் டைக்கோவிடம் சேர்ந்தார். அடுத்த ஆண்டே டைக்கோ இறந்ததும் செவ்வாய் அளவுகள் அவர் கைக்கு வந்தன. அவருடைய ஒரு தந்திரத்தை ஸ்டெல்லேரியம் வைத்து நீங்களும் செய்யலாம். செவ்வாய் சூரியனைச் சுற்ற 687 நாள். ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து 687 நாளுக்கு ஒருமுறை, நான்கைந்து தேதிகளில், பூமியிலிருந்து சூரியனும் செவ்வாயும் தெரியும் திசைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தேதிகளில் செவ்வாய் தன் பாதையில் அதே இடத்துக்கு வந்துவிடும். பூமி மட்டும் வேறு வேறு இடத்தில் இருக்கும். தாளில் சூரியனையும் செவ்வாயையும் இரண்டு நிலையான புள்ளிகளாக வைத்துக் கோணங்களை வரைந்தால், பூமி நின்ற இடங்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். செவ்வாயில் நின்றுகொண்டு பூமியை அளப்பதுபோன்ற வேலை இது.

கெப்ளர் இதில் கண்டது: சூரியன் பூமிப் பாதையின் மையத்திலிருந்து சற்று விலகியிருக்கிறது, பூமி சூரியனுக்கு அருகே வரும்போது வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் போகிறது. மற்ற கோள்கள் எப்படியோ பூமியும் அப்படியே. பிறகு செவ்வாயின் பாதைக்கு வட்டத்தைப் பொருத்திப் பார்த்தபோது 8 நிமிடக் கோணம் இடித்தது; டிகிரியில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. டாலமியாக இருந்தால் அளவைப் பிழை என்று விட்டிருப்பார். டைக்கோ அவ்வளவு பிசக மாட்டார் என்று கெப்ளர் நம்பினார், பல ஆண்டு உழைத்த கணக்கைத் தூக்கிப் போட்டார். 1609-இல் வெளியான நூலில் செவ்வாயின் பாதை நீள்வட்டமாகிவிட்டது. கோப்பர்நிக்கஸின் சிறுவட்டங்கள் அத்தனையும் உதிர்ந்தன.

1619-இல் வெளியிட்ட மூன்றாம் விதியை ஒரு கால்குலேட்டரில் சரிபாருங்கள். சுற்றும் காலத்தை ஆண்டில் எடுத்து வர்க்கம் காணுங்கள். தூரத்தைக் கனம் காணுங்கள். செவ்வாய்: 1.88-இன் வர்க்கம் 3.53, 1.524-இன் கனம் 3.54. வியாழன்: 11.86-இன் வர்க்கம் 140.7, 5.203-இன் கனம் 140.9. வெள்ளிக்கும் இரண்டும் 0.378. பூமிக்கு 1, 1. வரிசையில் வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்துகிறது. டைக்கோவின் அமைப்பில் அந்த இடத்தில் பூமியைச் சுற்றும் சூரியன் இருக்கிறது. மற்ற கோள்கள் சூரியனைச் சுற்றும்போது காட்டும் விதிக்கு, பூமியைச் சுற்றும் சூரியன் ஏன் கட்டுப்பட வேண்டும்? டைக்கோ பத்தியில் ‘ஒட்டு’.

1627-இல் வந்த கெப்ளரின் அட்டவணைகளை வைத்து, 1631 நவம்பர் 7 அன்று புதன் சூரியனின் முகத்தைக் கடப்பதைப் பாரிஸில் கசாந்தி பார்த்தார். அதற்கு முந்தைய ஆண்டே கெப்ளர் இறந்துவிட்டார். என் கணக்கில் வானியலாளர்கள் உண்மையில் பக்கம் மாறியது இங்கேதான்: மற்ற எந்த அட்டவணையையும்விட இது சரியாக வந்தது, அதைப் பயன்படுத்தியவர்கள் மெல்ல மெல்ல அதன் அடிப்படையையும் ஏற்றார்கள். 1687-இல் நியூட்டன் ஈர்ப்பு விசையிலிருந்தே கெப்ளரின் விதிகளை வருவித்தபோது, பெருத்த சூரியன் சின்னஞ்சிறு பூமியைச் சுற்ற வழியே இல்லாமல் போனது.

விண்மீன்களின் சாட்சி

இனி வருவதை உங்கள் கருவிகளால் அளக்க முடியாது, கணக்கை மட்டும் சரிபார்க்கலாம். 1725 டிசம்பரில் இலண்டனை ஒட்டி, காமா டிராகோனிஸ் என்ற விண்மீன் உச்சியைக் கடப்பதை அளக்கத் தொடங்கிய ஜேம்ஸ் பிராட்லி, டைக்கோ தேடிய இடமாற்றத்தைத்தான் தேடினார். விண்மீன் நகர்ந்தது, ஆனால் எதிர்பார்த்ததற்கு மூன்று மாதம் தள்ளி. பூமி இருக்கும் இடத்தோடு ஒத்துப்போகாத அந்த நகர்வு, பூமி போகும் திசையோடு ஒத்துப்போனது. மழை நேராக விழுந்தாலும் ஓடுபவர் குடையை முன்பக்கம் சாய்ப்பதுபோல, ஓடும் பூமியில் தொலைநோக்கியையும் சற்றே சாய்க்க வேண்டியிருக்கிறது. சாய்வு 20.5 விநாடிக் கோணம் (ஒரு டிகிரியில் 3600 விநாடிக் கோணம்), எல்லா விண்மீனுக்கும் அதே அளவு. 20.5-ஐ 206265-ஆல் (ஒரு ரேடியனில் அத்தனை விநாடிக் கோணம்) வகுத்து, ஒளியின் வேகமான நொடிக்கு 2,99,792 கி.மீ.-ஆல் பெருக்குங்கள்: நொடிக்கு 29.8 கி.மீ. இப்போது பூமிப் பாதையின் சுற்றளவை ஓராண்டின் நொடிகளால் வகுங்கள். அதே 29.8.

டைக்கோ கேட்ட இடமாற்றம் 1838-இல் கிடைத்தது. கோனிக்ஸ்பெர்க்கில் பெஸ்ஸல், 61 சிக்னி என்ற மங்கலான விண்மீனுக்கு 0.31 விநாடிக் கோணம் என்று அளந்தார். டைக்கோவின் கருவிகளால் எட்டக்கூடியதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறியது. அந்த விண்மீன் சுமார் 11 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. டைக்கோவின் கேள்வி சரியானது. பதில் வர 250 ஆண்டு ஆனது.

கடைசி வரியை எப்படி எழுதுவது என்று சிலர் கேட்பார்கள். கோப்பர்நிக்கஸ் பத்தியில் ‘சரி’. டைக்கோ பத்தியில், கண்டிப்பாகச் சொன்னால், ‘இல்லை’ என்று எழுத முடியாது. ஒவ்வொரு விண்மீனும் சூரியனின் ஆண்டைப் பார்த்துத் தனக்கென ஒரு சிறுவட்டம் போடுகிறது என்று அங்கேயும் ஓர் ‘ஒட்டு’ வைக்கலாம். எனவே ‘ஒட்டு’ என்றே எழுதுங்கள், பக்கத்தில் எத்தனை என்றும் எழுதுங்கள். 2013 டிசம்பரில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களுக்கு இந்த இடமாற்றத்தை அளந்திருக்கிறது. அளவு ஒவ்வொன்றுக்கும் வேறு; காலம் எல்லாவற்றுக்கும் ஓராண்டு.